எடிட்டிங் அறையும் சான்றிதழும்

பிலிமைக் கையால் வெட்டி, மூவியோலா என்ற கருவியில் ஓட்டிப் பார்த்துத் தொகுத்த காலத்தில் கோடம்பாக்கத்து எடிட்டிங் அறைக்கு வேலை கேட்டு வந்தவரிடம் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. பிலிம் துண்டுகளுக்கு எண் போடுவது, எடிட்டர் கேட்ட ஷாட்டைத் தேடிக் கொடுப்பது, வெட்டிய பாசிட்டிவை ஒட்டுவது என்றே உதவியாளரின் முதல் ஆண்டுகள் கழிந்தன. ஒரு ஷாட் ஏன் பத்து பிரேம் முன்னதாகவே முடிய வேண்டும் என்பது, பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் பிடிபட்டது. இயக்குநர் இரட்டையரான கிருஷ்ணன்-பஞ்சுவிடம் உதவி எடிட்டராகத் தொடங்கிய பீம்சிங் பின்னர் இயக்குநரானார். அவருடைய மகன் லெனின் எடிட்டரானார். இலக்கியம் படித்த ஸ்ரீகர் பிரசாத், தந்தை சஞ்சீவியிடம் தொழில் கற்றார். பிலிமை வெட்டிப் பழகிய அவர்தான் 2022இல் வெளியான ‘ஆர்.ஆர்.ஆர்.’ படத்தையும் கணினியில் தொகுத்தார். இடையில் கருவி அடியோடு மாறியிருந்தது. எங்கே வெட்ட வேண்டும் என்ற அறிவு அவரோடு கூடவே வந்தது.

எடிட்டிங் மென்பொருள் சான்றிதழுக்கு மதிப்பு வந்தது இந்தக் கருவி மாற்றத்தால்தான். எடிட்டிங் மென்பொருள்களான அவிட் 1989இலும், பிரீமியர் 1991இலும், ஃபைனல் கட் புரோ 1999இலும் வந்தன. இயக்கத் தெரிந்தவர்கள் அரிதாக இருந்தபோது, இயக்கத் தெரிந்திருப்பதே ஒரு தகுதி. தயாரித்த நிறுவனங்களே பாடம் வகுத்துத் தேர்வும் நடத்தின. ஆனால், மென்பொருளின் ஆயுளைத் தாண்டி அந்தச் சான்றிதழ் நிற்பதில்லை. 2011 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட ஃபைனல் கட் புரோ எக்ஸ், முந்தைய பதிப்பில் செய்த வேலைகளைத் திறக்கவே மறுத்தது. பலர் பிரீமியருக்கும் அவிட்டுக்கும் போனார்கள். பழைய பதிப்புக்கு வாங்கிய சான்றிதழ் என்னவாகியிருக்கும்? ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச்சைப் பாருங்கள்: ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ படத்தைப் பிலிமில் தொடங்கி நடுவில் அவிட்டுக்கு மாறி ஆஸ்கர் வாங்கினார், ‘கோல்ட் மவுன்டன்’ (2003) படத்தை ஃபைனல் கட்டில் முடித்தார்.

தந்தையோ குருவோ வாய்த்தவர்களுக்குப் பக்கத்தில் நின்று கற்பது சரி, யாரையும் தெரியாமல் வெளியூரிலிருந்து வருபவருக்குச் சான்றிதழ்தானே கதவு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய முறை பலரை வாசலிலேயே நிறுத்தியது உண்மை. ஆனால் அந்தக் கதவை முதலில் திறந்தவை அடையாறு திரைப்படக் கல்லூரியும், 1960இல் தொடங்கிய புனே கல்லூரியும்தான். புனேயில் எடிட்டிங் படித்து வந்த ரேணு சலூஜா ‘பரிந்தா’ படத்துக்காகத் தேசிய விருது பெற்றார். அங்கே மாணவர்கள் படங்களைத் தொகுத்தார்கள், ஆசிரியரும் சக மாணவர்களும் பார்த்துக் குறை சொன்னார்கள், மறுபடி வெட்டினார்கள். பொத்தான்களையும் மெனுக்களையும் சோதிக்கும் தேர்வில் இதற்கு இடமில்லை. தொலைக்காட்சி நிறுவனத்தில் பலர் ஒரே சர்வரைப் பகிர்ந்து வேலை செய்யும் இடத்தில், கோப்புகளைக் குழப்பாத உதவியாளர் தேவை; அங்கே அவிட் சான்றிதழ் முதல் வேலையைப் பெற்றுத்தரக்கூடும். ஆனால், உதவியாளர் நாற்காலியிலிருந்து எடிட்டர் நாற்காலிக்குப் போக, இயக்குநர் பார்ப்பது அவர் ஏற்கெனவே வெட்டிய காட்சியைத்தான்.