மூன்று முறை திருத்திய கை

ஈய அச்சு கோர்ப்பதில் தொடங்கி இன்று கணினி எழுத்துரு வரைவது வரை, என் பிழைப்பே எழுத்தோடுதான். இந்தத் தொழிலில் நான் கையெடுத்துக் கும்பிடும் மனிதர் ஷோங் லூ யாங்.

வியட்நாம்–லாவோஸ் எல்லை மலையில் 1929இல் பிறந்த, ஹ்மாங் இனத்து விவசாயி. எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர். 1959இல் தன் தாய்மொழிக்கு ‘பஹாவ்’ எழுத்தைக் கொண்டுவந்தார். இறைவன் அருளியது என்றார். சீடர்களும் அப்படியே நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்குள் நான் புகவில்லை. என்னைக் கட்டிப்போட்டது அதற்குப் பிறகு அவர் செய்த வேலை.

முதல் வடிவத்தில் மெய்களுக்கு 60 குறிகள், உயிர்களுக்கு 91. ஹ்மாங் மொழியில் தொனி மாறினால் பொருளே மாறிவிடும். அதனால் ஒவ்வொரு உயிருக்கும் ஒவ்வொரு தொனியிலும் தனிக் குறி. மனப்பாடம் செய்பவர் பாடு திண்டாட்டம்தான். 1965இல் அதைப் பிரித்தார். அடிப்படைக் குறிகள் கொஞ்சம், மேலே புள்ளியும் கோடும் மாறி மாறி வரும். 1970இல் தொனிக்குறிகளை ஒரே ஒழுங்குக்குள் கொண்டுவந்தார். 1971இல் இன்னும் சுருக்கினார். பள்ளிக்கூடம் பார்க்காத ஒருவர், தன் மொழியின் ஒலிகளைப் பிரித்துப் பிரித்துக் காதால் எடைபோட்டிருக்கிறார்.

அதன் அமைப்பும் வேறெங்கும் காணாதது. நம் ‘கெ’யில் கொம்பு முன்னே நிற்கும், ஒலி பின்னே வரும். பஹாவில் எல்லா அசையும் அப்படித்தான்: உயிர்க்குறி முதலில், மெய்க்குறி அடுத்து; வாசிப்பது மெய்யிலிருந்து. நாம் அகரத்துக்குத் தனிக் குறி போடுவதில்லை. அவரோ ககர மெய்க்கே குறி போடாமல் விட்டார். உயிர் தனியாக நின்றால் ‘க்’ சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே உயிர்தான் முதுகெலும்பு.

அந்த எல்லைப் பகுதிக்கு அது போர்க்காலம். தனி எழுத்தும் பின்னால் ஒரு கூட்டமும் உள்ள மனிதரை இரு தரப்பும் சந்தேகித்தன. லாவோஸில் சிறையில் அடைத்தார்கள். தப்பி வந்தவரை 1971இல் மனைவியோடு சுட்டுக் கொன்றார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

1950களில் ஹ்மாங்குக்கு ரோமன் எழுத்துமுறை வகுத்தவர்களில் ஒருவரான வில்லியம் ஸ்மாலியே, யாங்கின் சீடர்களோடு சேர்ந்து இந்த வரலாற்றை 1990இல் நூலாக்கினார். 2014இல் பஹாவ் யூனிகோடில் ஏறியது. பெரும்பாலான ஹ்மாங் மக்கள் எழுதுவது ரோமனில்தான். பஹாவ் எழுதுகிறவர்கள் கையாள்வது இரண்டாம், மூன்றாம் வடிவங்களை. கடைசியாகச் செதுக்கிய நான்காம் வடிவம் அவ்வளவாகப் பரவவில்லை.