டாலருக்கு முன்னாடி திருப்பூருக்கு வந்த வெள்ளி

திருப்பூருக்கு 'டாலர் சிட்டி'ன்னு பேரு. ஆனா இந்தப் பக்கம் வெளிநாட்டுக் காசு வந்தது சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடியே. அது ரோமானிய வெள்ளிக்காசு. பேரு தினாரியஸ்.

நொய்யல் கரையோரக் கத்தாங்கண்ணியில் 1913ல் 233 காசுகள் கிடைச்சது. உடுமலைப்பேட்டை பக்கம் பூதிநத்தத்தில் 1946ல் ஆயிரத்துக்கும் மேல. கோவை வெள்ளலூரில் 1842ல் 522.

ஏன் நம்ம பக்கம்?

முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா கரூர் போற வணிகப் பாதை கொங்கு நாட்டைக் கடந்துதான் போச்சு. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பெரில் என்ற நீலப்பச்சைக் கல் கிடைக்கும். கொடுமணலில் கல்மணி செய்யும் பட்டறைகள் இருந்தன. சரக்கு போச்சு, வெள்ளி வந்தது.

இந்தப் புதையல்களில் பெரும்பாலும் இரண்டே பேரரசர்களின் காசுகள்தான்: அகஸ்டஸ், டைபீரியஸ். இதுதான் சுவாரசியமான இடம்.

கி.பி. 64 வாக்கில் நீரோ மன்னன் தினாரியஸின் எடையைக் குறைச்சு, செம்பையும் கூடுதலா கலந்தான். ரோமில் அரசன் முத்திரை இருந்தா காசு செல்லும். இங்கே அவன் யாருன்னு யாருக்குக் கவலை? நம்மாளுங்க பார்த்தது வெள்ளியோட தரத்தை. அதனால பழைய சுத்தமான காசுக்குத்தான் மதிப்பு.

வெவ்வேறு அரசர்களின் தினாரியஸ்கள் ஒரே எடையில் இருந்ததைப் பார்த்து இலங்கை மன்னர் ரோமானியர்களின் நேர்மையை வியந்தார்னு அக்கால எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கார்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? எந்த ஊரில், எத்தனை காசு, எதோடு சேர்ந்து கிடைச்சதுங்கிற குறிப்பால்தான். கிடைச்ச இடம் தெரியாத காசு, கேஸ் ஷீட் இல்லாத எக்ஸ்ரே மாதிரி. படம் இருக்கும், யாருடையதுன்னு தெரியாது.

அதனால காசு சேகரிக்கும் நண்பர்களே, மூணு விஷயம்:

1. பழைய காசை புளி, எலுமிச்சை, பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க. எழுத்தே போயிடும்.

2. போலிகள் நிறைய சுத்துது. 'தோட்டத்தில் கிடைச்சது'ன்னு ரகசியமா விற்க வந்தா வாங்காதீங்க.

3. மண்ணுக்குள்ள புதையல் கிடைச்சா, 1878 புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கணும். அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே போதும்.

உருக்கினா கிடைப்பது ஒரு காசுக்கு நாலு கிராம்கூட வராத வெள்ளி. அப்படியே ஒப்படைச்சா உங்க ஊர் பேரும் கத்தாங்கண்ணி மாதிரி வரலாற்றில் நிக்கும்.