கல் போனாலும் சான்று நிற்கட்டும்

உம்ரா சென்று திரும்புவோர் இன்று கைப்பேசி நிறையப் படங்களைக் கொண்டுவருகின்றனர். ஆனால் நம் பாட்டனார்கள் ஹஜ்ஜில் கண்ட மக்கா அப்படங்களில் இல்லை. அதை நாம் இன்றும் காண முடிகிறதென்றால், சிலர் தக்க காலத்தில் எடுத்துவைத்த ஒளிப்படங்களே காரணம்.

அவர்களுள் முதல்வர் முஹம்மது சாதிக் பே, எகிப்தியப் படையின் பொறியாளர். 1861இல் ஹிஜாஸ் சென்றவர், மதீனாவை முதன்முதலாகப் படம்பிடித்தார். 1880இல் எகிப்திய மஹ்மல் பயணக்குழுவின் பொருளாளராகச் சென்றபோது, மக்காவையும் புனித கஃபாவையும் படமெடுத்தார். அது எளிய பணியன்று. கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து காய்வதற்குள், படமெடுத்து அங்கேயே கழுவி முடிக்க வேண்டும். அதே பத்தாண்டுக்குள் மக்காவின் மருத்துவர் ஸையித் அப்துல் கஃப்பாரும், டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யேயிடம் அக்கலையைக் கற்று, தம் ஊரையும் ஹாஜிகளையும் பதிவுசெய்தார்.

அதன்பின் நடந்ததை நாம் அறிவோம். மதீனாவைச் சூழ்ந்திருந்த மதில் இன்று இல்லை. பேரீச்சந் தோட்டங்கள் பல வீதிகளாகவும் கட்டடங்களாகவும் மாறின. மக்காவில் ஹரம் ஷரீஃபை நோக்கி நின்ற உஸ்மானியரின் அஜ்யாத் கோட்டை 2002இல் இடிக்கப்பட்டது. அது நின்ற குன்றும் தரைமட்டமாயிற்று. அங்கு இன்று 601 மீட்டர் உயர மணிக்கூண்டு நிற்கிறது. பெருகிவரும் ஹாஜிகளுக்கு இடம் வேண்டும் என்பது மெய்யான தேவையே. ஆயினும் இடித்த கோட்டை மீளாது. எஞ்சியவை படங்கள் மட்டுமே.

நம் ஊர்களிலும் இதுவே நிகழ்கிறது. குவிமாடமின்றிக் கருங்கல் தூண்களால் எழுந்த பழம்பள்ளிகள், தொழுவோர் பெருகியதால் கான்கிரீட் கட்டடங்களாகின்றன. ஊரைச் சுற்றிய வயல்கள் மனைகளாகின்றன. எல்லாவற்றையும் நம்மால் தடுக்க இயலாது. ஆனால் பதிவுசெய்ய இயலும்.

பள்ளியின் தூண், மிஹ்ராப், ஹவ்ழு, கல்வெட்டு ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுங்கள். வக்ஃபு நிலத்தையும் அதன் எல்லைகளையும் எடுங்கள்; நாளை உரிமைக்கு அதுவும் துணைச் சான்றாகலாம். நாள், இடம், திசை, வயலின் பெயர் ஆகியவற்றை உடனே எழுதிவையுங்கள். விவரமற்ற படம், அடுத்த தலைமுறைக்கு யாருடையதென்று தெரியாத வீடுதான். பெரியவர்களை உடன் அழைத்துச் சென்று, அவர்கள் சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வரும் ஜும்ஆவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்றாலே, அல்லாஹ் நாடினால், இப்பணியைத் தொடங்கிவிடலாம்.