சாஸ்திரி அவார்டும் கிரியின் ராஜினாமாவும்

மைசூரில் எங்கள் கிளைக்குப் புதிதாக கிளார்க் வேலைக்கு வந்திருக்கும் தஞ்சாவூர்ப் பையன் போன வாரம் கேட்டான். "சார், சாஸ்திரி அவார்டுன்னா லால் பகதூர் சாஸ்திரி பேர்ல குடுக்கற பரிசா?" சிரித்துவிட்டேன். அவனைக் குறை சொல்லவும் முடியாது, யார் சொல்லித் தந்தார்கள்?

1947-ல் தொழில் தகராறு சட்டம் வந்தது. (2025 நவம்பரில் அது போய், புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது.) முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒத்துவராவிட்டால் அரசாங்கம் விவகாரத்தை டிரிப்யூனல் என்ற தனி நீதிமன்றத்துக்கு அனுப்பும். அது தரும் தீர்ப்புதான் அவார்டு. பாங்க் ஊழியர்களுக்காக 1949-ல் கே.சி. சென் தலைமையில் மூன்று பேர் டிரிப்யூனல் அமைந்து, 1950-ல் தீர்ப்பும் வந்தது. 1951-ல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்றுவிட்டது. சம்பளம் அதிகம் என்பதற்காக அல்ல! உறுப்பினர்களில் ஒருவரான சந்திரசேகர ஐயர் வேறொரு அரசுப் பணிக்காகச் சில மாதம் போயிருந்தார். அவர் இல்லாமல் மற்றவர்கள் உட்கார்ந்து விசாரித்தது தவறாம். குமாஸ்தாக்கள் மறுபடி முதலிலிருந்து காத்திருந்தார்கள்.

1952-ல் சென்னை ஹைகோர்ட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி பஞ்சாபகேச சாஸ்திரி தலைமையில் அடுத்த டிரிப்யூனல். 1953-ல் வந்த தீர்ப்பு, பாங்கின் அளவையும் ஊரின் ஜனத்தொகையையும் வைத்துச் சம்பள விகிதம் வகுத்தது. ஒரு ஊழியர் மேல் எப்படி நடவடிக்கை எடுப்பது என்பது வரை அதில் உண்டு. அப்பீலுக்குப் பிறகு, 1954-ல் மேல்முறையீட்டு டிரிப்யூனல் கொடுத்ததை, பாங்குகளால் தாங்க முடியாது என்று மத்திய அரசே வெட்டியது.

அப்போது தொழிலாளர் அமைச்சர் வி.வி. கிரி, ரயில்வே தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு டிரிப்யூனல்களே பிடிக்காது. இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்பதுதான் அவர் கட்சி. ஆனாலும் தீர்ப்பு வந்த பிறகு அரசாங்கம் அதில் கை வைத்ததை அவரால் ஏற்க முடியவில்லை. பதவியைத் தூக்கிப் போட்டார். தனக்குப் பிடிக்காத முறைக்காக மந்திரி பதவியை விட்டவர் வேறு யாராவது உண்டா, எனக்குத் தெரியவில்லை. பிறகு கஜேந்திரகட்கர் கமிஷன் அமைந்து, 1955-ல் தனிச் சட்டம் வந்து, வெட்டியதில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது.

1962-ல் தேசாய் அவார்டு. அதோடு இரு தரப்புக்கும் அலுத்திருக்க வேண்டும். 1966 அக்டோபர் 19 அன்று, டிரிப்யூனல் இல்லாமல் நேருக்கு நேர் பேசி முதல் இருதரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த வரிசையில் 12-வது 2024 மார்ச்சில் கையெழுத்தானது. நம் பையனின் சம்பளம் அதன்படிதான்.

கிரி விரும்பியபடியே அந்த முதல் ஒப்பந்தம் நடந்தபோது, அவர் இந்த மைசூர் மாநிலத்தின் கவர்னராக இருந்தார்.