எங்க ஊர் சம்ப்

பங்காருபேட்டையில் எங்கள் வீட்டு வாசலுக்குக் கீழே ஒரு சம்ப் உண்டு. எப்போதாவது வரும் குழாய்த் தண்ணீர் அதில் விழும், அங்கிருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவோம். "சம்ப்ல தண்ணி இருக்கா பாருடா" என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. அது தமிழா கன்னடமா என்று நான் யோசித்ததே இல்லை.

அந்தச் சொல் பல வருடம் கழித்து இங்கே பர்மிங்ஹாமில் வந்து மாட்டிக்கொண்டது. நானும் ஆபீஸ் நண்பர் ஒருவரும் கராஜில் ஒரு கிட் கார் கட்டிக்கொண்டிருக்கிறோம். (ஐம்பது வயதில் உனக்கு இது தேவையா என்று வீட்டம்மா கேட்டாயிற்று, நீங்கள் கேட்க வேண்டாம் :-)) எல்லாம் வந்துவிட்டது, என்ஜின் அடியில் மாட்டும் ஆயில் பாத்திரம் மட்டும் பாக்கி. அமெரிக்கர்கள் அதை ஆயில் பேன் என்பார்கள். இங்கே அதற்கும் பெயர் சம்ப்தான்.

கொஞ்சம் சரித்திரம். 1957-இல் காலின் சாப்மன் என்பவர் லோட்டஸ் செவன் என்ற குட்டிக் காரைக் கொண்டுவந்தார். முழுக் காராக வாங்கினால் பிரிட்டனில் கொள்முதல் வரி, உதிரியாக வாங்கி நீங்களே பூட்டிக்கொண்டால் வரி இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததால், 'கழற்றும் முறை' என்று எழுதிக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்! 1973-இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. அதே வருடம் லோட்டஸ் அந்தக் காரை கேட்டர்ஹாம் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. ஆசை மட்டும் போகவில்லை.

நம்ம பக்கத்திலும் இந்தப் பைத்தியம் உண்டு. கோவை கரிவரதன், காய்கறி வாங்கப் போகும் மாருதி 800-இன் என்ஜினைப் போட்டு ரேஸ் கார் கட்டினார். நரேன் கார்த்திகேயன் பந்தயம் ஓட்டத் தொடங்கியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். கரிவரதன் 1995-இல் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

வீட்டு என்ஜினைப் பந்தயக் காரில் வைத்தால் முதலில் இடிப்பது இந்த சம்ப். கார் தாழ்ந்தது, பாத்திரம் ஆழமானது, வேகத்தடையில் தட்டும். சரி என்று ஆழத்தைக் குறைத்தால் வேறு வம்பு. பாத்திரத்துக்குள் ஒரு உறிஞ்சு குழாய் இருக்கிறது. திருப்பத்தில் பக்கவாட்டு விசை புவியீர்ப்பின் அளவுக்கு வந்தால், உள்ளே ஆயில் 45 டிகிரி சாய்ந்து ஒரு பக்கம் ஏறிவிடும். குழாய் காற்றை உறிஞ்சும். நண்பரின் பழைய காரில் அதுதான் நடந்தது. நீளமான ஒரு வளைவு, ஆயில் விளக்கு சிவந்தது, பிறகு 'டக் டக்' சத்தம். பேரிங் காலி, என்ஜினும் காலி.

இந்த முறை மூன்று வழி இருந்தது. ஒன்று, தாழ்வான அலுமினிய வார்ப்பு. எடை குறைவு, சூடு தணியும், ஆனால் கல் பட்டால் விரிசல் விடும். இரண்டு, ஆழத்தைக் குறைத்து, பக்கங்களில் அகலப்படுத்தி, உள்ளே தடுப்பும் சின்னக் கதவுகளும் வைத்த இரும்புத் தகடு. கதவு உள்பக்கம் மட்டுமே திறக்கும், குழாயை நோக்கி ஓடிய ஆயில் திரும்பிப் போகாது. மூன்று, டிரை சம்ப். ஆயிலை அங்கே தேங்கவே விடாமல் தனி பம்ப் உறிஞ்சி வேறு தொட்டிக்கு அனுப்பும், என்ஜினையும் தாழ்த்தி வைக்கலாம். 1967-இல் வந்த காஸ்வர்த் ரேஸ் என்ஜினில் இருந்தது இதுதான். விலை கேட்டதும் நமக்குத் தலை சுற்றியது.

அப்பாவுக்குப் போன் போட்டேன். பங்காருபேட்டையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெமல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன மனிதர். புல்டோசர் சரிவில் ஏறும்போதும் இதே பிரச்சினைதானே?

"சாம்பார் குண்டானைச் சாய்ச்சுப் பாரு. கரண்டி எந்தப் பக்கம் இருக்கணும்னு தெரியும். கரண்டி இருக்கிற இடத்துல குழம்பை நிறுத்து, அவ்வளவுதான்டா."

இரும்புத் தகடு என்று முடிவானது. நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம்.

அப்பா போனை வைக்கவில்லை. "சம்ப்னாலே உங்க தாத்தா ஞாபகம்" என்றார். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்திலும் சம்ப் உண்டு. ஷாஃப்டின் அடியில் ஊற்றுத் தண்ணீர் சேரும் குழி அது, அங்கிருந்து பம்ப் போட்டு மேலே ஏற்றுவார்கள். சொல்லின் வேர் சதுப்பு நிலத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல். அது சுரங்கக்காரர்கள் வாயில் குழியானது, பிறகு என்ஜினுக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய வேலை மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய், 2001-இல் நின்றது. ஆட்களோடு பம்புகளும் நின்றன. மெல்ல மெல்லத் தண்ணீர் ஏறி, தாத்தா நடந்த சுரங்கங்கள் எல்லாம் மூழ்கிவிட்டன.

"ஆயில் இல்லாம உன் என்ஜின் செத்துது. பம்ப் இல்லாம நம்ம மைன்ஸ் செத்துது" என்றார் அப்பா.

அடுத்த சனிக்கிழமை தகட்டை மாட்டப் போகிறோம். போல்ட் முறுக்கும்போது தாத்தாவை நினைத்துக்கொள்வேன்.