ரேடியேட்டருக்காகப் பிறந்த டப்பா

பழைய இரும்பு நாற்காலிக்கு மஞ்சள், ரோஸ், கிளிப்பச்சைன்னு ஸ்ப்ரே அடித்துத் தோட்டத்தில் போடுவது இப்போது வீடியோக்களில் பெரிய விளையாட்டு. கை ஒரு நிறம், கால் ஒரு நிறம், முதுகில் வெள்ளைப் புள்ளிகள். பார்க்க ஜோராகத்தான் இருக்கு. இந்த ஸ்ப்ரே டப்பா எங்கிருந்து வந்ததுன்னு தேடியதில் கிடைத்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

அழுத்தமுள்ள டப்பாவிலிருந்து திரவத்தைப் பீய்ச்சும் யோசனைக்கு 1920-களிலேயே நார்வேக்காரர் எரிக் ரோத்தெய்ம் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதைப் பரவலாக்கியது கொசு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்களை மலேரியா வாட்டியது. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த லைல் குட்ஹியூவும் வில்லியம் சல்லிவனும் பூச்சிமருந்தைத் திரவமாக்கிய வாயுவோடு சேர்த்து உலோகக் குடுவையில் அடைத்தார்கள்.

போர் முடிந்தது. 1949-ல் இல்லினாய் மாநிலத்தின் சிகமோர் என்ற சின்ன ஊரில், எட்வர்ட் சீமோர் என்ற பெயிண்ட் வியாபாரி, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கான அலுமினியப் பூச்சை வாடிக்கையாளர்களுக்கு எப்படிச் செய்து காட்டுவதுன்னு யோசித்துக்கொண்டிருந்தார். 'அந்த டப்பாவிலேயே அடைத்தால் என்ன?' என்ற யோசனையைக் கொடுத்தவர் அவர் மனைவி பானி. ஆக, முதல் ஸ்ப்ரே பெயிண்ட்டே இரும்புச் சாமானுக்காக வந்ததுதான்.

அதே காலத்தில் அமெரிக்க வீட்டு முற்றங்களில் சிப்பி மாதிரி முதுகு கொண்ட தகர நாற்காலிகள் நிறைந்திருந்தன. வளைந்த குழாய்க் கால், அழுத்திய தகட்டு வரிகள். பிரஷ் பிடித்தால் வரிகளில் பெயிண்ட் தேங்கும், குழாயின் அடியில் சொட்டும். ஸ்ப்ரேயில் அந்தத் தொல்லை குறைவு. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக நாலு தடவை அடித்தால் போதும். ரொம்பக் கிட்டே போனால் வழியும். ரொம்பத் தள்ளிப் போனால் துளிகள் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். பழைய பெயிண்ட்டுகளில் கண்ணைப் பறித்த நிறங்கள் பலவும் ஈயத்திலிருந்து வந்தவை. குரோம் மஞ்சள் என்பது ஈயக் குரோமேட். அதோடு நீலம் கலந்தால் பளிச்சென்ற பச்சை. துருப்பிடிக்காமல் இருக்க அடியில் பூசியதோ ஈயச் செந்தூரம். அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயத்துக்குத் தடை 1978-ல்தான் வந்தது. நம் ஊரில் 90 பிபிஎம் என்ற உச்சவரம்பு அமலானது 2017 நவம்பரில்.

ஆகவே, புது வண்ணம் பூசுவதில் பெரிய ஆபத்தில்லை. அதற்கு முன்னால் உப்புத்தாள் போட்டு வறட்டு வறட்டுன்னு தேய்க்கிறோமே, அங்கேதான் இருக்கு. அந்தத் தூசி குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். கொஞ்ச ஈயமும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உரியாமல் கெட்டியாக ஒட்டியிருக்கும் இடத்தைச் சுரண்டாமல் விட்டுவிடுங்க. உரியும் இடத்தை மட்டும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டித் தூக்கிப் போடுங்க. தூசியைத் தடுக்கும் முகமூடியும் அவசியம்.

பரணில் கிடக்கும் தாத்தா காலத்து மடக்கு நாற்காலியை இறக்கும்போது, அது எந்த வருஷத்து பெயிண்ட்டுன்னு வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுடுங்க.