எழுதி அழித்த கணக்கு: தரவுத்தளச் சோதனைகளின் வரலாறு

வங்கிக் கணினி ஒருவருடைய கணக்கில் ஆயிரம் ரூபாயைக் கழித்துவிட்டது. மற்றொருவர் கணக்கில் அதைச் சேர்ப்பதற்குள் மின்சாரம் நின்றுபோயிற்று. அந்த ஆயிரம் ரூபாய் இப்போது யாருடையது? இக்கேள்விக்குத் தரவுத்தள அறிஞர்கள் கண்ட விடை, பின்னாளில் அவர்கள் எண்ணியிராத ஒரு வேலைக்குப் பயன்பட்டது. மென்பொருள் சோதனையாளர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அது எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அட்டவணைகளாலான தரவுத்தளம் என்னும் கருத்தை ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். அதைச் செயலாக்கிக் காட்டும் முயற்சி, 'சிஸ்டம் ஆர்' என்ற பெயரில் சான் ஹோசே ஆய்வகத்தில் எழுபதுகளின் நடுவில் நடந்தது. அதில் பங்கேற்றவருள் ஒருவர் ஜிம் கிரே. பரிவர்த்தனை என்னும் கருத்து ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வருவது என்று அவர் 1981இல் எழுதினார். ஒப்பந்தம் முழுவதும் நிறைவேற வேண்டும். இல்லையேல் நடக்காததாகவே கொள்ளப்பட வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவேட்டில் குறித்துவைத்தால், பாதியில் நின்ற வேலையைப் பின்னோக்கி அழித்துவிடலாம். இதுவே 'ரோல்பேக்'. ஜெர்மானியர்களான ஹெர்டரும் ராய்ட்டரும் 1983இல் பரிவர்த்தனையின் நான்கு இலக்கணங்களைத் தொகுத்து 'ஏசிட்' என்று பெயரிட்டார்கள்: அணுத்தன்மை, முரணின்மை, தனிமை, நிலைபேறு. கிரேக்கு 1998ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. 2007 ஜனவரியில், தாயின் அஸ்தியைக் கடலில் கரைக்கச் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்மரப் படகில் சென்ற அவர் திரும்பவேயில்லை.

இனிச் சோதனையின் பக்கம் வருவோம். கென்ட் பெக் 1994இல் ஸ்மால்டாக் மொழிக்கான சோதனை முறையொன்றை வெளியிட்டார். 1997இல் எரிக் காமாவுடன் சேர்ந்து ஜாவா மொழிக்கு 'ஜேயூனிட்' கருவியைப் படைத்தார். ஒவ்வொரு சோதனையும் தனக்கு வேண்டியதைத் தானே அமைத்து, முடிந்ததும் தானே கலைக்க வேண்டும். எவ்வரிசையில் ஓடினாலும் முடிவு மாறக்கூடாது என்பது அம்மரபின் அடிப்படை விதி. நினைவகத்தில் மட்டும் வாழும் பொருள்களுக்கு இது எளிது. தரவுத்தளமோ மறக்காமல் இருப்பதற்கென்றே படைக்கப்பட்டது! அதன் சிறப்பே சோதனையாளருக்குத் தலைவலியாயிற்று.

முதற்சோதனை ஒரு பயனரைப் பதிவுசெய்கிறது. பட்டியல் வெறுமையாக இருக்குமென்று நம்பிய அடுத்த சோதனை தோற்கிறது. இது நேரத்தை மட்டுமே வீணாக்கும். ஆனால் முந்தைய சோதனை விட்டுச்சென்ற எச்சத்தின் தயவால் ஒரு சோதனை வெற்றி பெறுமானால், பிழை மறைந்திருந்து பொதுமக்களிடம் போய்ச் சேர்கிறது. அச்சம் இரண்டாவதைப் பற்றியே.

ஒவ்வொரு முறையும் அட்டவணைகளை வெறுமையாக்கி மறுபடி நிரப்புவது ஒரு வழி. அது மெதுவானது. அப்போதுதான் கிரேயின் விடை நினைவுக்கு வந்தது. பரிவர்த்தனை ஒன்றைத் தொடங்கி, அதற்குள் சோதனையை ஓட்டி, இறுதியில் ரோல்பேக் செய்துவிட்டால் தடயமே இராது. 2004இல் வெளிவந்த ரூபி ஆன் ரயில்ஸ் இம்முறையைப் பரப்பியது. ஜாங்கோ 1.1 பதிப்பு 2009இல் இதை ஏற்றபோது, சோதனைகள் பல இடங்களில் பத்து மடங்குவரை விரைவுபெற்றதாக அதன் வெளியீட்டுக் குறிப்பு தெரிவித்தது. எதிர்பாராத தோல்விக்கென்று அமைந்த கருவி, திட்டமிட்டே செய்யும் தோல்விக்குப் பயன்பட்டது.

ஆயினும் வலை ஏபிஐ சோதனையில் இம்முறை தடுமாறுகிறது. காரணம், ஏசிட் இலக்கணத்தின் மூன்றாம் உறுப்பாகிய தனிமையேதான். உறுதிசெய்யப்படாத மாற்றம் வேறோர் இணைப்பின் கண்ணுக்குத் தெரியாது. சோதனை ஒரு செயலாகவும் வழங்கி வேறொரு செயலாகவும் ஓடும்போது, சோதனை இட்ட தரவை வழங்கி காண்பதில்லை. வழங்கி உறுதிசெய்த தரவைச் சோதனையின் ரோல்பேக் அழிப்பதில்லை. இரண்டும் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொண்டாலும் வேறு குறைகள் உண்டு. உறுதிசெய்தபின் நடக்க வேண்டிய மின்னஞ்சல் போன்ற பணிகள் உண்மையில் நடப்பதில்லை. போஸ்ட்கிரெஸ்ஸில் வரிசை எண்கள் ரோல்பேக்கினால் பின்னோக்கித் திரும்புவதுமில்லை. முதற்பதிவின் எண் 1 என்று நம்பிய சோதனை ஒருநாள் தோற்கும்.

ஆகவே பழைய வழிகள் மீண்டும் மதிப்புப் பெற்றன. உண்மையான உறுதிசெய்தல் வேண்டிய இடங்களுக்கென, முடிவில் அட்டவணைகளை வெறுமையாக்கும் தனி வகையை ஜாங்கோ வைத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸில் மாதிரித் தரவுத்தளமொன்றை நகலெடுத்துப் பயன்படுத்தலாம். 2013இல் டாக்கர் வந்தபின், சோதனைக்கென்றே ஒரு தரவுத்தளத்தை எழுப்பி, முடிந்ததும் எறிந்துவிடுவது எளிதாயிற்று. ஒவ்வொரு சோதனையும் தனக்கே உரிய பெயர்களில் தரவைப் படைத்து, பிறர் தரவு அருகில் இருந்தாலும் கலங்காதபடி எழுதுவது மற்றொரு வழி.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மட்டும் செய்து பார்க்கலாம். சோதனைகளின் வரிசையைக் குலைத்து ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் தனியே ஓட்டுங்கள். முடிவு மாறினால், அழிக்கப்பட்டதாக நாம் நம்பிய ஏதோ ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது என்று பொருள்.